கால் காயின் மொய்

பெங்களூரு
21 ஜூன் 2025

அன்புள்ள சொர்ணம் அக்காவுக்கு,

கவியரசன் எழுதுகிறேன். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து வைத்திருப்பதாகக் கார்த்திகா சொன்னாள். அவள் போனுக்குக் கூப்பிட்டால் "அம்மா தூங்குது", "அம்மா பூ மார்க்கெட்டுக்குப் போயிருக்கு" என்று உங்கள் மகளும் எத்தனை நாள்தான் சமாளிப்பாள், பாவம். அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடம் முடித்த பிறகு கையால் நான் எதுவும் எழுதியதில்லை. எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோடு அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். ஆடி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, கீரமங்கலம் மண்டபத்தில் அப்பாவின் மொய் விருந்து. என்னால் அடமானத்துக்குப் போன நிலத்தை மீட்கத்தான் இந்த விருந்து. அப்பா விருந்து வைக்கிற முறை கொரோனா வருஷத்திலேயே வந்தது, அது தள்ளிப்போய் இப்போதுதான் கூடிவந்திருக்கிறது. நீங்கள் கட்டாயம் வரவேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இந்தப் பக்கத்தை இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். 2015 ஆடியில் தண்ணீருக்குப் போர் போடுவதற்காக நீங்கள் விருந்து வைத்தபோது நான் கால் பிட்காயின் மொய் செய்தேன். நம் ஊர் வழக்கப்படி செய்த மொய், மேலே கொஞ்சம் புதுமொய்யோடு திரும்பி வரவேண்டும். அன்றைக்குக் கால் காயின் ஐயாயிரம் ரூபாய். இன்றைக்குக் கிட்டத்தட்ட இருபத்தைந்து லட்சம்.

நான் கேட்கவில்லை அக்கா. அப்பாதான் கேட்கிறார். காயினாகச் செய்தது காயினாகத்தான் திரும்ப வேண்டும் என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அது காதுக்கு வந்துதான் என் நம்பரை பிளாக் செய்தீர்கள் என்று நினைக்கிறேன். முழுதாக முடியாவிட்டாலும் பாதியாவது உங்களால் புரட்ட முடியுமா? முடியாது என்றாலும் அதை அப்பாவிடம் நேரில் சொல்லாமல் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
கவி


கீரமங்கலம்
28 ஜூன் 2025

தம்பி கவிக்கு,

கடிதமும் அழைப்பிதழும் வந்தன. கோழி கிளறிய மாதிரி எழுத்து. இருந்தாலும் படித்துவிட்டேன், நீ சொல்ல வந்ததும் புரிந்துவிட்டது. நீ கேட்கவில்லை, உன் அப்பா கேட்கிறார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலையை எங்கே படித்தாய்?

அன்றைக்கு நடந்ததை ஒரு தரம் நினைத்துப் பார். மொய் எழுதுகிற அண்ணன் உன்னைப் பார்த்து, "தம்பி, ரூபாயில சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். நீ கேட்டாயா? "ரூபாய எழுதாதீங்க, அது மதிப்பு கெட்டுப்போகும். கால் காயின்னு எழுதுங்க" என்று மைக்கில் சொல்ல வைத்தாய். பந்தலே சிரித்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது நீ, கெட்டது நான்.

பிறகு என் போனை வாங்கி எதையோ ஏற்றி, காயின் உள்ளே வந்துவிட்டது என்று காட்டினாய். கண்ணால் காணாத காசை நான் என்ன செய்வது என்று கேட்டேன். "செலவு பண்ணுங்கக்கா. செலவு பண்ணாத்தான் அது காசு. பூட்டி வச்சா வெறும் நம்பர்தான்" என்று சொன்னது நீதான். கடையில் யாரும் வாங்க மாட்டார்கள், போனுக்கு டாப்-அப் போடலாம், டிஷ் டிவிக்குக் கட்டலாம் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். நானும் செலவு செய்தேன். பூக்கட்டுகிற பொம்பளைகள் எல்லாம் "சொர்ணம், காயின்ல போட்டு விடு" என்று வருவார்கள். ஒருத்தி ரூபாய் தருவாள், ஒருத்தி நாட்டுக்கோழி முட்டை தருவாள். ஐந்நூறு ஆயிரம் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்களே, அந்த மாதம் தெருவில் யார் கையிலும் சில்லறை இல்லை. நம் தெருப் போன்கள் எல்லாம் உன் காயினில்தான் பேசின. அதோடு தீர்ந்தது.

என்னிடம் இருப்பது ஒரு தோப்பு. அதையும் கஜா புயல் ஒரே ராத்திரியில் படுக்க வைத்தது. அந்த வருஷம்தான் என்னைத் தனியாக விட்டுவிட்டு உன் மாமாவும் போய்ச் சேர்ந்திருந்தார். அழுதுகொண்டே நட்ட தென்னம்பிள்ளைகள் இந்த வருஷம்தான் பாளை விட்டிருக்கின்றன. கார்த்திகாவின் படிப்பும் கல்யாணமும் அதில்தான் இருக்கின்றன. பழைய மொய் ஐயாயிரம், புதுமொய் ஆயிரம் கொண்டுவருவேன். அதற்கு மேல் கேட்டால் தோப்பைத்தான் விற்க வேண்டும். அதை உன் அப்பாவிடம் சொல். நீயே சொல்.

சொர்ணவல்லி


பெங்களூரு
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவிடம் சொன்னேன். போனில்தான். அம்மா இறந்ததிலிருந்து நானும் அவரும் காரியமாக மட்டுமே பேசிக்கொள்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் கேட்டது இதுதான்: "ஒரு பவுன் மொய் செஞ்சா ஒரு பவுனுதானடா திரும்பி வருது? அன்னைக்கு வெல என்ன, இன்னைக்கு வெல என்னன்னு எவனாச்சும் பேசுறானா?" இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அவர் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். காயின் விலை எகிறிய பிறகு மனம் மாறி, என்னை நம்பி நிலத்தை அடமானம் வைத்தார். நான் சேர்த்த காயின்களையெல்லாம் வெளிநாட்டுக் காயின் சந்தை ஒன்றில் போட்டு வைத்திருந்தேன். 2022இல் அது இரவோடு இரவாக மூடிக்கொண்டது. எனக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. இந்த உலகத்தில் நான் கொடுத்து இன்னும் திரும்ப வேண்டியது உங்களிடம் இருக்கும் அந்தக் கால் காயின் மட்டும்தான். அவர் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. பூக்கட்டுகிறவர்களின் போன் என்றால் பத்து ரூபாய், இருபது ரூபாய்தானே? ஒரு வருஷத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு டாப்-அப்பா? கணக்கு இடிக்கிறது. யாராவது உங்களை ஏமாற்றி எடுத்துக்கொண்டார்களா? அல்லது கொஞ்சமாவது அந்தப் பழைய போனில் மிச்சம் இருக்கிறதா? அப்பா அப்படித்தான் நினைக்கிறார். விலை ஏறட்டும் என்று நீங்கள் வைத்திருப்பதாகச் சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் போனை எனக்குக் கூரியரில் அனுப்பினால் திறந்து பார்த்து அவர் வாயை அடைத்துவிடலாம்.

கவி


கீரமங்கலம்
13 ஜூலை 2025

கவிக்கு,

போன் இல்லை. கஜா அன்று ஓடு பறந்து வீட்டுக்குள் கொட்டிய தண்ணீரில் அரிசி மூட்டையோடு அதுவும் ஊறிப்போனது. அரிசியைக் கோழிக்குப் போட்டேன், போனைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். நம்பினால் நம்பு.

பவுன் கணக்கைப் படித்தேன். உன் அப்பா எனக்குச் சித்தப்பா என்பதற்காகச் சொல்லவில்லை, அவர் சொல்வது நியாயம்தான். அதுதான் என்னை உறங்கவிடாமல் புரட்டுகிறது. அவர் அநியாயமாகக் கேட்டிருந்தால் நானும் தெருவில் நின்று நாலு வார்த்தை திருப்பிக் கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மொய்யைத் திருப்பிச் செய்யாதவள் என்று பெயர் எடுத்தால் கார்த்திகாவின் கல்யாணப் பந்தலில் நானும் வாழைமரமும்தான் நிற்போம். ஆலங்குடியிலிருந்து ஒரு புரோக்கர் வந்து தோப்பைப் பார்த்துவிட்டுப் போனார். நான்தான் வரச் சொன்னேன்.

அதெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். கணக்கு இடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய் பார், அதைத் தாங்க முடியவில்லை. அந்தக் காசு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருப்பதால் சொல்லாமல் இருக்கிறேன். என்னை மேலே கிளறாதே.

விருந்துக்கு வருவேன்.

சொர்ணவல்லி


பெங்களூரு
31 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

விருந்து முடிந்து மறுநாளே கிளம்பி வந்துவிட்டேன். உங்கள் வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனேன். வாசலில் உங்கள் ஸ்கூட்டி நின்றது. உள்ளே வர எனக்குத் துணிச்சல் இல்லை.

விருந்தன்று நீங்கள் வந்ததை மொய் மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். பச்சைச் சேலை. ஐயாயிரத்தையும் ஆயிரத்தையும் தனித்தனியாக மடித்து வைத்தீர்கள். எழுதுகிறவர் பேனாவை எடுக்கும்போது அப்பா கையை நீட்டித் தடுத்துவிட்டார். "அதக் கையில குடுத்து அனுப்புங்க. காயினு வந்தா எழுதிக்கலாம்" என்றார். மைக் அணைக்கப்படவில்லை. கறிச்சோறு தின்றுகொண்டிருந்த பந்தியே நிமிர்ந்து பார்த்தது. நீங்கள் என்னைத்தான் பார்த்தீர்கள். நான் பணப்பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கை நனைக்காமல் திரும்பிப் போனீர்கள். யாரோ ஒருவர் பின்னாலேயே ஓடினார், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி. அது நானாக இருந்திருக்க வேண்டும்.

விருந்தில் வந்தது நிலத்தில் பாதியை மீட்கத்தான் போதும். மீதிப் பாதிக்கு அப்பா உங்கள் வீட்டுப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கால் காயின் வரும்வரை உங்கள் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டார். நீங்கள் தோப்புக்கு முன்பணம் வாங்கிவிட்டதாக ஊரில் பேச்சு. அது பொய்தானே? தயவுசெய்து விற்காதீர்கள். நான் அப்பாவிடம் எப்படியாவது பேசுகிறேன். இப்போது இல்லை, கொஞ்ச நாள் போகட்டும்.

கவி


கீரமங்கலம்
5 ஆகஸ்ட் 2025

கவி,

முன்பணம் வாங்கியது உண்மை. ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள் என்பதால்தான் தோப்பு இன்னும் என் பெயரில் இருக்கிறது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கையெழுத்து. கொஞ்ச நாள் போகட்டும் என்கிறாய். யாருக்கு இருக்கிறது கொஞ்ச நாள்?

கணக்கு கேட்டாய் அல்லவா, கேட்டுக்கொள். என்னிடம் வாக்கு வாங்கியவள் போய்விட்டாள். அவள் இருந்திருந்தால் அந்த மேசையிலிருந்து என்னை வெறுங்கையாக எழுந்துவர விட்டிருக்க மாட்டாள்.

காயினே கதி என்று நீ வேலையை விட்ட வருஷம், இனி அவன் பெயரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டார். என் சின்னாத்தா, அதான் உன் அம்மா, பால் கொடுக்க வருவதாகச் சொல்லிவிட்டுச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூக்குவாளியோடு என் வீட்டுக்கு வருவாள். போர் பக்கத்தில் கிடக்கிற துவைக்கிற கல்லில்தான் சிக்னல் கிடைக்கும். அதில் உட்கார்ந்து என் போனில் உன்னோடு பேசுவாள். நீ இரண்டு வார்த்தை சொல்வாய். அவள் மாடு கன்று போட்டதிலிருந்து மழை வந்து நின்றதுவரை சொல்வாள். அப்போதெல்லாம் வெளிமாநிலத்துக்குப் பேசினால் காசு தண்ணீராய்ப் போகும். உன் நம்பர் செத்துவிடக் கூடாது என்று மாதா மாதம் உனக்கும் நான்தான் போட்டுவிட்டேன். கடையில் அம்மா போட்டதாக நினைத்திருப்பாய்.

சின்னாத்தா களையெடுத்த கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து நீட்டுவாள். நான் வாங்க மாட்டேன். "ஒம் மகன் குடுத்த காசுதான், அவனுக்கே போகட்டும்" என்பேன். ஒரே ஒரு வாக்குத்தான் கேட்டாள். "காசில்லாம இருக்கான்னு நமக்குத் தெரிஞ்சது அவனுக்குத் தெரியக் கூடாது. கூசிப்போயிருவான் சொர்ணம்."

பூக்கட்டுகிறவர்கள் பேசியது கொஞ்சம். உன் கால் காயினில் முக்கால்வாசியை உன் அம்மாவும் நீயும் பேசித் தீர்த்தீர்கள். இன்றைக்கு அது இருபத்தைந்து லட்சம் என்கிறாய். இருக்கட்டும். தோப்பை விற்று நான் அதைத் தந்துவிடுகிறேன். ஆனால் நீ வாங்கும்போது என்ன வாங்குகிறாய் என்று தெரிந்து வாங்கு.

வாக்கை மீறிவிட்டேன். அதற்கும் சேர்த்து உன்மேல்தான் கோபம் வருகிறது.

சொர்ணவல்லி


பெங்களூரு
14 ஆகஸ்ட் 2025

அக்கா,

கடிதம் கிடைத்து இரண்டு நாள் எதுவும் செய்ய முடியவில்லை. அந்தப் பேச்சுகளில் ஒன்றுகூட எனக்கு முழுதாக நினைவில்லை. அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது நான் காயின் விலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "ம்" கொட்டுவேன். அது மட்டும் நினைவிருக்கிறது.

நேற்று அப்பாவுக்குப் போன் செய்து உங்கள் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினேன். முடித்ததும், தோப்பை விற்றால் அந்தக் காசை நான் தொட மாட்டேன், நிலம் முழுகினாலும் பரவாயில்லை என்று சொன்னேன். இதைக் கல்யாண மண்டபத்தில் மைக் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். அப்பா போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

கவி


கீரமங்கலம்
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி கவிக்கு,

நாளைக் காலை பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று பட்டா, பத்திரம் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். நேற்றுச் சாயங்காலம் சித்தப்பா வந்தார். வாசல் வழியாக வரவில்லை. கொல்லைப் பக்கமாக வந்து போர் அருகில் நின்றார். நான் வெளியே வந்தேன்.

"இந்தக் கல்லா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அதில் உட்கார்ந்தார். மாடு கத்தியது, கார்த்திகா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு, சின்னாத்தா இவரைப் பற்றி உன்னிடம் ஏதாவது சொல்வாளா என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. போனை வைக்கும்போதெல்லாம் "நாம பேசுறத ஒங்கப்பாட்ட நானே சொல்லிக்கிறேன், நீ கவலப்படாத" என்றுதான் சின்னாத்தா முடிப்பாள் என்று சொன்னேன்.

"ஒரு நாளும் சொல்லலையே" என்றார். கல்லைத் தடவிக்கொண்டே, "நானா ஒரு வார்த்த கேட்ருந்தா சொல்லிருப்பா. நாங் கேக்கல" என்றார்.

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சித்தப்பா அழுது நான் பார்த்ததில்லை. சின்னாத்தாவைக் கொரோனா ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தபோதுகூட அவர் அழவில்லை. எனக்கும் அவர்மேல் இருந்த கோபம் எங்கிட்டுப் போனதென்று தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, விருந்தன்று திருப்பி அனுப்பிய பணம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். மடித்தது மடித்தபடி இருந்தது, எடுத்து வந்து நீட்டினேன். ஐயாயிரத்தை என் கையிலேயே வைத்து மூடினார். ஆயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"கால் காயினு எப்பவோ வந்து சேந்துருச்சு. இது புதுமொய்" என்றார். "கார்த்திகா கல்யாணத்துக்கு நாந் திருப்பிச் செய்யணும். அதுவரைக்கும் ஒந் தோப்புல எவனும் கால் வைக்கக் கூடாது."

பிறகு பசிக்கிறது என்றார். மத்தியானச் சோறுதான் இருந்தது. மோர் ஊற்றிப் பிசைந்து, நார்த்தங்காய் வைத்துக் கொடுத்தேன். அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து கை நனைத்தார்.

புரோக்கருக்கு இன்று காலை முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். உங்கள் நிலத்தில் பாதி இன்னும் அடமானத்தில்தான் இருக்கிறது. அதற்கு வழி நீதான் பார்க்க வேண்டும், என்னிடம் கேட்காதே.

இனிமேல் கடிதம் எழுத வேண்டாம். உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். உன் அப்பா தன் போனில் உன்னோடு பேச மாட்டார். வீம்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் இனிமே தினமும் வாரேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஐந்து மணிக்கு என் போனுக்குக் கூப்பிடு. கல்லில் உட்கார்ந்திருப்பார், போனைக் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ "ம்" கொட்டாமல் பேசு.

அன்புடன்,
சொர்ணம் அக்கா